மரத்தில் தொங்கும் புல்: ரீயூனியன் காட்டில் புல் பெரணி பார்க்கப் போகிறவர்களுக்கு

ரீயூனியன் தீவின் பெபூர் மலைக்காட்டுக்கு முதல் தடவை வருகிறவர்கள் எல்லாரும் மேலேதான் பார்ப்பார்கள். குடை விரித்தாற்போல நிற்கும் மரப்பெரணிகள் கண்ணை அப்படி இழுக்கும். போன ஜூலையில் காரைக்காலிலிருந்து வந்திருந்த என் அக்கா மகனும் அப்படித்தான் அண்ணாந்து நின்றான். நான் அவன் தோளைத் தட்டி, பக்கத்திலிருந்த ஒரு அடிமரத்தைக் காட்டினேன். பாசி மூடிய பட்டையிலிருந்து ஒரு கொத்துப் பச்சை, ஈரத் தலைமுடி மாதிரி தொங்கிக்கொண்டிருந்தது.

“புல்லுதானே சித்தி?”

“புல்லு எதுக்கு மரத்துல தொங்குது? கிள்ளாதே. ஒண்ணே ஒண்ண மட்டும் விரல்ல ஏந்தித் திருப்பிப் பாரு.”

திருப்பினான். இலையின் அடிப்பக்கத்தில், இரண்டு ஓரங்களையும் ஒட்டி, ஊசியால் கீறிவிட்டாற்போல இரண்டு பழுப்புக் கோடுகள் நுனிவரை ஓடின. எந்தப் புல்லிலும் இந்தக் கோடுகளைப் பார்க்க முடியாது. பெரணி தன் வித்துத்தூளை வைத்திருக்கும் இடம் அது.

இந்தத் தீவுக்குப் புதிதாக வந்திருக்கும் நம்மவர்களுக்காகவும், இங்கேயே பல வருஷமாக இருந்தும் காட்டுப் பக்கம் போகாதவர்களுக்காகவும் இதை எழுதுகிறேன். தாவரவியல் படித்திருக்க வேண்டியதில்லை. பொறுமையும் ஒரு கைலென்ஸும் இருந்தால் போதும்.

எதைத் தேடிப் போகிறோம்

பெரணி என்றதும் நமக்கு இறகு மாதிரிப் பிரிந்த இலைதான் நினைவுக்கு வரும். நாம் பார்க்கப்போகும் புல் பெரணிகள் அப்படியில்லை. இலை பிரிவதே கிடையாது. நீளமாக, ஒடுக்கமாக, நாடா போலவோ நூல் போலவோ இருக்கும். பூவும் விதையும் இல்லாமல் வித்துத்தூளால் பெருகுபவை. தரையில் அல்ல, பெரும்பாலும் மரத்தின் மேல் தொற்றி வாழ்பவை. மரத்திலிருந்து எதையும் உறிஞ்சுவதில்லை. மழையையும் மூடுபனியையும் பாசியில் சேரும் மட்கையும் வைத்தே பிழைத்துக்கொள்கின்றன. அதனால் மரத்துக்குக் கெடுதல் என்று நினைத்து யாரும் பிடுங்க வேண்டியதில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். இவற்றின் நெருங்கிய சொந்தம் யார் தெரியுமா? ஊரில் கிணற்று உட்சுவரில் கறுப்புக் காம்போடு முளைக்குமே அடியாண்டம், அதுதான். தோற்றத்தில் எந்த ஒற்றுமையும் இல்லை, ஆனால் மரபணு ஆய்வு இரண்டையும் ஒரே கிளையில் வைக்கிறது.

நாம் தேடப்போவது மூன்று பேரினங்களை. பெயர்களைப் பார்த்துப் பயப்பட வேண்டாம். பெயருக்குள்ளேயே அடையாளம் இருக்கிறது.

விட்டாரியா என்றால் லத்தீனில் நாடா, தலைப்பட்டை என்று பொருள். 1793-ல் ஸ்மித் என்ற ஆங்கிலேயத் தாவரவியலாளர் வைத்த பெயர். இங்கே இருப்பது விட்டாரியா ஐசோயெட்டிஃபோலியா. இந்தப் பேரினத்தின் மற்ற இனங்கள் அமெரிக்கக் கண்டங்களில் இருக்க, இது ஒன்றுதான் கடல் தாண்டி ஆப்பிரிக்காவிலும் இந்தியப் பெருங்கடல் தீவுகளிலும் வாழ்கிறது. இலை அகலம் இரண்டு மூன்று மில்லிமீட்டர்தான். என் அக்கா மகன் திருப்பிப் பார்த்தது இதைத்தான்.

ஹாப்லோப்டெரிஸ் என்றால் கிரேக்கத்தில் எளிய பெரணி. இதன் நாடா அகலமானது. இங்கே உள்ள ஹாப்லோப்டெரிஸ் ஸ்கோலோபென்ட்ரினாவின் இலையை, நடுவில் மெல்லிசாகக் கிழித்த தென்னங்கீற்று என்று சொல்லலாம். ஹாப்லோப்டெரிஸ் இனங்கள் நம் மேற்குத் தொடர்ச்சி மலையிலும் உண்டு. ஊருக்குப் போகும்போது அங்கேயும் தேடலாம்.

மோனோகிரம்மா என்றால் ஒற்றைக் கோடு. இது மிகச் சிறியது. சில சென்டிமீட்டர் நீளம், ஒரு மில்லிமீட்டர் அளவே அகலம். இலையில் நடுநரம்பு ஒன்றைத் தவிர வேறு நரம்பே கிடையாது. பாசிக்குள் முளைத்துப் பாசியோடு பாசியாகவே கிடக்கும். இங்குள்ள இனத்தின் பெயர் மோனோகிரம்மா கிராமினியா. கிராமினியா என்றால் புல் போன்றது.

பெயர் சொன்னதும் ஒரு விஷயத்தைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. நம் தீவின் எரிமலைப் பக்கம் போனவர்கள் கொமெர்சோன் பள்ளத்தைப் பார்த்திருப்பீர்கள். உச்சியில் போரி பள்ளமும் இருக்கிறது. இரண்டும் தாவரவியலாளர்களின் பெயர்கள். பிலிபேர் கொமெர்சோன் 1768-ல் மொரீஷியஸில் வந்து இறங்கியவர். 1773-ல் அங்கேயே இறந்துபோனார். மோனோகிரம்மா என்ற பெயர் அவருடைய குறிப்பிலிருந்து வந்தது. அவர் இறந்து 36 வருஷம் கழித்து, 1809-ல்தான் அது அச்சேறியது. போரி 1801-ல் இந்தத் தீவில் சுற்றியவர். விட்டாரியா ஐசோயெட்டிஃபோலியாவையும், இன்று நாம் ஹாப்லோப்டெரிஸ் ஸ்கோலோபென்ட்ரினா என்று அழைப்பதையும் 1804-ல் விவரித்து எழுதினார். எரிமலை வாயைப் பார்க்க வருஷமெல்லாம் கூட்டம் போகிறது. அந்தத் தாவரவியலாளர்கள் குனிந்து பார்த்த புல் பெரணிகளும் அதே மலையில்தான் இருக்கின்றன.

பழைய நூல்களிலும் உலர்தாவரத் தாள்களிலும் மேலே சொன்ன அகலநாடாப் பெரணியும் விட்டாரியா என்றே இருக்கும். 1997-ல் கிரேன் என்பவர் புல் பெரணிக் குடும்பத்தைப் பிரித்து ஒழுங்குசெய்த பிறகுதான் ஹாப்லோப்டெரிஸ் என்ற பழைய பெயர் மறுபடி புழக்கத்துக்கு வந்தது. இரண்டு பெயரைப் பார்த்தால் இரண்டு செடி என்று எண்ணிக்கொள்ளாதீர்கள்.

எப்போது போவது

மே முதல் நவம்பர் வரை. குளிர்காலத்தில் காலை வெளிச்சம் சுத்தமாக இருக்கும். டிசம்பர் முதல் மார்ச் வரை வேண்டாம் என்பேன். புயல் காலம் அது. இந்தத் தீவின் மழையை ஊர் மழையோடு ஒப்பிடக் கூடாது. 2007 பிப்ரவரியில் கமேட் புயல் வந்தபோது, மேலே சொன்ன கொமெர்சோன் பள்ளத்தில் மூன்றே நாளில் 3,900 மில்லிமீட்டருக்கு மேல் கொட்டியது. மூன்று நாள் மழையில் உலகச் சாதனை அது. காரைக்காலின் இரண்டு வருஷ மழையைவிட அதிகம்! மழை நாளில் ஓடையைக் கடக்கும் தாழ்பாலங்கள் நிமிஷத்தில் மூழ்கிவிடும்.

நல்ல மாதத்திலும் காலை நேரம்தான் நம்முடையது. பத்து, பதினொரு மணிக்கு மேல் மேகம் ஏறி வந்து காட்டை மூடிவிடும். அப்புறம் லென்ஸைத் துடைப்பதிலேயே பொழுது போகும். நாங்கள் சேன்த்-ஆந்த்ரேயில் இருக்கிறோம், ஐந்தரைக்கு வண்டியை எடுத்துவிடுவோம்.

பையில் என்ன வேண்டும்

பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸ். நகைக் கடைக்காரர்கள் கண்ணில் வைத்துப் பார்ப்பது போன்றது, அதுவே போதும். சிறிய டார்ச் ஒன்று. பத்து சென்டிமீட்டர் பிளாஸ்டிக் அளவுகோல். பென்சில், குறிப்பேடு. பேனா எடுக்காதீர்கள், ஈரத் தாளில் மை கரைந்துவிடும். மழைச்சட்டை, ஸ்வெட்டர். ஜூலை, ஆகஸ்டில் பெபூரில் நடுங்கவைக்கும் குளிர் இருக்கும். கடலோர வெயிலை நம்பிப் பருத்திச் சட்டையோடு வந்துவிடாதீர்கள்.

செருப்பு வேண்டாம், மூடிய காலணி போடுங்கள். இந்தத் தீவில் விஷப் பாம்பு கிடையாது, அந்தப் பயமே வேண்டாம். ஆனால் எலிக் காய்ச்சல் உண்டு. அது சேற்றுத் தண்ணீரில், காலில் இருக்கும் சின்னப் புண் வழியாகவே ஏறிவிடும். கிளம்பும் முன் காலணியின் அடியில் ஒட்டியிருக்கும் மண்ணைத் தேய்த்துக் கழுவுங்கள். கொய்யாவிர் என்ற சிறு சிவப்புக் கொய்யாப் பழத்தை நாம் விரும்பிச் சாப்பிடுகிறோம், ஜாம் போடுகிறோம். காட்டுக்குள் அது புகுந்தால் மற்ற எதையும் வாழவிடாது. இஞ்சிக்குச் சொந்தமான மஞ்சள் பூ லோங்கோஸ் செடியும் அப்படித்தான். விதையை நாமே சுமந்துகொண்டு போகக் கூடாது.

எங்கே

முதல் தடவைக்கு பெபூர்தான். சேன்-பெனுவாவிலிருந்து மலை ஏறும் சாலையில் பிளேன் தே பால்மிஸ்த் ஊருக்கு வாருங்கள். அங்கிருந்து காட்டுச் சாலை பிரிந்து பெபூர், பெலூவ் என்று போகிறது. வாகனம் இல்லாதவர்கள் நாலு பேராகச் சேர்ந்து ஒரு காரில் வருவதே நல்லது. பித்தோன் பெபூர் என்ற சிறு குன்றைச் சுற்றிவரும் பாதை சுலபமானது. அம்மா, அப்பாவையும் கூட்டிவரலாம். புல் பெரணி பார்க்கக் கிலோமீட்டர் கணக்கில் நடக்க வேண்டியதே இல்லை. நல்ல இடத்தில் இருநூறு மீட்டருக்கு இரண்டு மணி நேரம் ஆகும்.

பழகிய பிறகு சேன்-பிலிப்பில் உள்ள மார் லோங் காட்டுக்குப் போங்கள். சில நூறு வருஷங்களுக்கு முன் ஓடி உறைந்த எரிமலைக் குழம்பின் மேல் எழுந்த காடு அது. மலைக்காடு அல்ல, கடலுக்குப் பக்கத்துத் தாழ்நிலக் காடு. ஒரு காலத்தில் தீவின் கரையோரமெல்லாம் இப்படித்தான் இருந்திருக்கும். கரும்புக்காக வெட்டியது போக மிஞ்சியதில் இது ஒன்று. அந்தக் கரும்புக்காகத்தான் நம் முன்னவர்களைக் கப்பலில் ஏற்றி வந்தார்கள் என்பதை அங்கே நிற்கும்போது நான் நினைக்காமல் இருந்ததில்லை.

கண்ணை எப்படிப் பழக்குவது

பாதையில் நடந்துகொண்டே தேடினால் கிடைக்காது. ஒரு மரத்தைத் தேர்ந்தெடுத்து அதன் முன் நில்லுங்கள். வயசான மரமாக இருக்க வேண்டும். பட்டை சொரசொரப்பாக, பாசி தடிப்பாக ஏறியிருக்க வேண்டும். இங்கே “தான் ரூஜ்” (tan rouge) என்று சொல்லும் மரம் நல்ல இடம். மரப்பெரணியின் தண்டையும் விடாதீர்கள். ஃபஞ்சான் என்று இந்தத் தீவின் கிரியோல் மொழியில் சொல்வோமே, அந்த நார்த்தண்டு ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும்.

முழங்கால் உயரத்திலிருந்து தலை உயரம் வரை மட்டும் பாருங்கள். மேலே இருப்பது நமக்கு எட்டாது, எட்டாததைப் பார்த்து எதையும் உறுதிசெய்ய முடியாது. நேராக நின்று பார்ப்பதைவிட, மரத்தின் பக்கவாட்டில் போய், வானத்து வெளிச்சம் பின்னால் இருக்கும்படி பாருங்கள். பட்டையோடு ஒட்டியிருப்பதெல்லாம் மங்கிப்போய், விலகித் தொங்கும் நாடாக்கள் மட்டும் தனியாகத் தெரியும். இந்த ஒரு தந்திரம் தெரியாமல் முதல் வருஷம் முழுக்க நான் நிறையத் தவறவிட்டேன்.

மோனோகிரம்மாவுக்கு வேறு வழி. பாசித் திட்டில் டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்து அடியுங்கள். பாசியின் இலை பொடிப்பொடியாகத் தண்டைச் சுற்றியிருக்கும். அதற்கு நடுவில் ஒன்றிரண்டு மென்மையான பச்சைக் கீற்றுகள் தனித்தனியாக நீட்டிக்கொண்டிருந்தால் மூச்சைப் பிடித்துக்கொண்டு லென்ஸை எடுங்கள்.

லென்ஸைப் பிடிப்பதிலும் ஒரு பழக்கம் வேண்டும். பெரும்பாலானோர் இலைக்குப் பக்கத்தில் லென்ஸை வைத்துவிட்டுத் தூரத்திலிருந்து பார்ப்பார்கள். அப்படியல்ல. லென்ஸைக் கண்ணோடு ஒட்டிவைத்துக்கொண்டு, முகத்தை இலையை நோக்கிக் கொண்டுபோக வேண்டும். இரண்டு மூன்று சென்டிமீட்டர் தூரத்தில் படம் தெளியும். மூக்கில் பாசி இடிக்கும், பரவாயில்லை.

திருப்பிப் பார்ப்பது

இதுதான் முக்கியமான படி. மேல்பக்கம் பார்த்து எதையும் முடிவுசெய்யாதீர்கள். கொத்தில் முதிர்ந்த, நீளமான இலை ஒன்றைத் தேர்ந்தெடுத்து, ஆள்காட்டி விரலை அதன் கீழே கொடுத்து ஏந்துங்கள். இழுக்கக் கூடாது. இலை அடியில் வலுவாக ஒட்டியிருப்பது போலத் தோன்றினாலும், மொத்தக் கொத்தும் ஒரு சின்னப் பாசித் துணுக்கைப் பிடித்துத்தான் நிற்கிறது. இழுத்தால் பாசியோடு வந்துவிடும்.

இரண்டு ஓரத்திலும் ஒவ்வொரு கோடாக ஓடினால் விட்டாரியாவோ ஹாப்லோப்டெரிஸோதான். கோடு என்று தோன்றுவது உண்மையில் ஒரு பள்ளம். லென்ஸில் பார்த்தால் பள்ளத்துக்குள் வித்துத்தூள் பைகள் கேழ்வரகு மணி மாதிரி நெருக்கியடித்துக்கொண்டு இருப்பது தெரியும். சில பைகள் வெடித்துக் காலியாக இருக்கும். பல பெரணிகளில் இந்தப் பைகளின் மேல் ஒரு மெல்லிய மூடி இருக்கும். இவற்றுக்கு அது இல்லை. பள்ளமே மூடியின் வேலையைச் செய்கிறது. பைகளுக்கு இடையே மெல்லிய மயிர்கள் கலந்திருக்கும். அந்த மயிரின் நுனி ஒல்லியாக இருந்தால் விட்டாரியா, புனல் மாதிரிப் பருத்திருந்தால் ஹாப்லோப்டெரிஸ். ஆனால் அதற்கு நுண்ணோக்கி வேண்டும். காட்டில் நிற்கும் நமக்கு இலை அகலமே போதும். மூன்று மில்லிமீட்டருக்குள் இருக்கும் நூலிலை ஐசோயெட்டிஃபோலியா பக்கம் போகும், அதைவிட நன்றாக அகன்ற நாடா ஹாப்லோப்டெரிஸ் பக்கம் போகும். அளவுகோலை வைத்து அளந்து எழுதுங்கள், கண்ணளவு ஏமாற்றும்.

குட்டி இலையில், நடுநரம்பை ஒட்டிய பள்ளத்தில் ஒரே ஒரு கோடு இருந்தால் மோனோகிரம்மா.

கோடே இல்லையென்றால்? இளம் இலையாக இருக்கலாம். அதே கொத்தில் வேறு முதிர்ந்த இலை தேடுங்கள். எதிலும் இல்லையென்றால் “புல் பெரணியாக இருக்கலாம்” என்று எழுதிவிட்டு நகருங்கள். ஊகத்தை உறுதி என்று எழுதினால், பின்னால் வருகிறவர்களின் வேலையும் கெட்டுப்போகும்.

வேர்ப்பக்கம் ஒரு பார்வை

இலைகள் கிளம்பும் இடத்தில், பாசியை விலக்காமல், தெரிகிற அளவுக்கு மட்டும் லென்ஸை வையுங்கள். அடித்தண்டைக் கரும்பழுப்புச் செதில்கள் மூடியிருக்கும். வெறும் கண்ணுக்கு அழுக்குப் பிடித்த முடி மாதிரி. டார்ச்சைப் பின்னாலிருந்து அடித்து லென்ஸில் பார்த்தால், செதிலின் ஒவ்வொரு அறைக்கும் சுவர் கறுப்பாகவும் நடு வெளிச்சமாகவும் தெரியும். பழைய செட்டிநாட்டு வீட்டு ஜன்னலில் கறுப்புச் சட்டத்துக்குள் நிறக் கண்ணாடி பதித்திருப்பார்களே, அச்சாக அதுதான். புல் பெரணிக் குடும்பத்தின் நல்ல அடையாளங்களில் இது ஒன்று. என் அக்கா மகன் இதைப் பார்த்துவிட்டுப் பத்து நிமிஷம் லென்ஸைத் திருப்பித் தரவில்லை.

ஏமாற்றுபவை

எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். முதல் வருஷம் பெலூவ் பக்கம் ஒரு மரத்தில் நீளமான தனியிலைகள் தொங்குவதைப் பார்த்து ஹாப்லோப்டெரிஸ் என்று குறிப்பேட்டில் எழுதினேன். ஐந்தாறு இடங்களில் அப்படியே எழுதினேன். ஏழெட்டு மாதம் கழித்து அதே மரத்தில் ஒரு இலை திரும்பிக் கிடந்தது. அதன் அடிப்பக்கம் முழுவதும் பழுப்பு. காபிப்பொடி தூவியது மாதிரி ஓர் இடம் விடாமல் பழுப்பு. அது எலாஃபோகுளோசம், வேறு குடும்பத்துப் பெரணி. அதன் இலைக்கு அடியில் தெளிவான காம்பு உண்டு. புல் பெரணியில் இலை படிப்படியாக ஒடுங்கி அடியில் முடியும், தனிக் காம்பு என்று சொல்ல எதுவும் இருக்காது. அந்தக் குறிப்புகள் எல்லாவற்றையும் அடித்துவிட்டு ஒவ்வொரு இடத்துக்கும் திரும்பப் போனேன். திருப்பிப் பார்க்கச் சொல்லி இவ்வளவு வற்புறுத்துவது அதனால்தான்.

அடிப்பக்கத்தில் வட்ட வட்டப் பொட்டுகள் இருந்தால் அதுவும் வேறு பெரணி. நூல் மாதிரித் தொங்குவதைக் கூர்ந்து பார்த்தால், ஒரு தண்டைச் சுற்றிப் பொடி இலைகள் நெருக்கமாக இருக்கிறதா? அது ஹூபர்சியா, பெரணிகளுக்குத் தூரத்துச் சொந்தம். இலையே இல்லாமல் குச்சிகள் இரண்டிரண்டாகக் கிளைத்தால் சைலோட்டம். ஆர்க்கிட் என்றால் இலையின் அடி தண்டைத் தழுவியிருக்கும், வெள்ளை வேர்கள் பட்டையில் தடியாக ஓடும். மட்கிய மரக்கவட்டில் உண்மையான புல்லே முளைத்திருப்பதும் உண்டு. அதில் கணு இருக்கும், இலையின் அடி உறையாகத் தண்டைச் சுற்றியிருக்கும். பெரணியில் இரண்டும் இல்லை. புது இலையின் நுனி சுருண்டிருந்தால் பெரணி என்பதற்கு அது நல்ல சாட்சி. ஆனால் இந்த ஒல்லி இலைகளில் சுருள் மிகச் சிறியது, தெரியவில்லை என்பதற்காகப் பெரணி இல்லை என்று தள்ளிவிடாதீர்கள்.

கண் பழகியவர்களுக்கு மட்டும்

பெரணிக்கு இரண்டு பிறவி என்று பள்ளியில் படித்திருப்போம். வித்துத்தூள் விழுந்து முளைத்தால் நேராகப் பெரணி வராது. முதலில் புரோதாலஸ் என்ற சிறு பச்சைத் தகடு வரும், அதில் கருவுற்ற பிறகே பெரணி. பாடநூல் படத்தில் அது இதய வடிவில் இருக்கும், சீக்கிரமே மடிந்துபோகும். விட்டாரியாவின் புரோதாலஸ் அப்படியில்லை. நாடாவாகக் கிளைத்துக் கிளைத்துப் பரவும், வருஷக்கணக்கில் வாழும். ஓரத்தில் நுண்ணிய மொட்டுகளை உதிர்த்துத் தன்னைத்தானே பெருக்கிக்கொள்ளும். அமெரிக்காவின் அப்பலேச்சிய மலைகளில் விட்டாரியா அப்பலாச்சியானா என்ற இனம் பாறைக் குகைகளுக்குள் புரோதாலஸாக மட்டுமே வாழ்கிறது, இலைவிட்ட முழுப் பெரணியாக வளர்வதே இல்லை. 1991-ல்தான் அதற்குப் பெயர் வைத்தார்கள்.

நம் காட்டில் இருண்ட, சொட்டிக்கொண்டிருக்கும் பட்டை இடுக்கில் டார்ச் அடித்துத் தேடுங்கள். ஒற்றைப் படலமாக, ஒளி ஊடுருவும் பச்சை நாடாக்கள் பின்னிக் கிடந்தால் அப்படி ஒன்றாக இருக்கலாம். எந்த இனம் என்று காட்டில் சொல்ல முடியாது. பார்த்ததே பெரிது.

படமும் குறிப்பும்

ஒரு கொத்துக்கு நாலு படம்: மரத்தோடு சேர்த்துத் தூரத்திலிருந்து ஒன்று, கொத்து முழுதும் ஒன்று, அளவுகோலோடு இலையின் அடிப்பக்கம் ஒன்று, அடித்தண்டின் செதில் ஒன்று. கைபேசிக் காமிராவின் முன் லென்ஸைப் பிடித்தாலே அடிப்பக்கப் படம் வந்துவிடும். ஒருவர் இலையை ஏந்தட்டும், இன்னொருவர் எடுக்கட்டும். தனியாக முயன்றால் இலை முறியும்.

குறிப்பில் தேதி, இடம், உயரம், எந்த மரம், தரையிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் வெளிச்சம் என்று எழுதுங்கள். மரத்தின் பெயர் தெரியாவிட்டால் இலையையும் பட்டையையும் படம் எடுத்துவையுங்கள். ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் ஏற்றினால் பிற நாட்டுப் பெரணி ஆர்வலர்களும் பார்த்துத் திருத்துவார்கள். சேன்-லே ஊரிலுள்ள மஸ்கரின் தாவரப் பாதுகாப்பு மையம் தீவின் தாவரங்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறது. பெயர் சரிபார்க்க அந்தப் பட்டியலே நம்பகமானது.

நான் தமிழிலும் எழுதிவைக்கிறேன். இந்தத் தீவின் கிரியோலில் கறிவேப்பிலை காலுபிலே ஆயிற்று, கொத்தமல்லி கொத்தோமிலி ஆயிற்று, முருங்கை மூருங் ஆயிற்று. நம்மவர்கள் சமையலறைக்கு வேண்டிய செடிகளின் பெயர்களைக் கடல் கடத்திக் கொண்டுவந்தார்கள். இந்தக் காட்டுச் செடிகளுக்குப் பெயர் வைக்க அவர்களுக்கு ஓய்வு ஏது? நான் விட்டாரியாவை நூல் பெரணி என்றும், ஹாப்லோப்டெரிஸை நாடாப் பெரணி என்றும், மோனோகிரம்மாவைக் கோட்டுப் பெரணி என்றும் எழுதுகிறேன். உங்களுக்கு இதைவிட நல்ல சொல் தோன்றினால் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

எடுக்கக் கூடாது

தீவின் உட்பகுதி 2007 முதல் தேசியப் பூங்கா. 2010-ல் அதன் சிகரங்களும் பள்ளத்தாக்குகளும் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பூங்காவின் மையப் பகுதியில் செடியைப் பறிக்கச் சட்டம் இடம்தராது. சட்டம் இல்லாத இடத்திலும் எடுக்காதீர்கள். வீட்டுத் தொட்டியில் இது பிழைக்காது. இதற்கு வேண்டியது மண் அல்ல. அந்தப் பட்டை, அந்தப் பாசி, காலையில் வரும் அந்த மேகம், எல்லாம் சேர்ந்துதான் இது வாழ்கிறது. வீட்டில் பெரணி வேண்டுமென்றால் நாற்றங்காலில் வளர்த்து விற்பதை வாங்குங்கள், நன்றாக வரும்.

பாதையை விட்டு இறங்கவும் வேண்டாம். மரப்பெரணி வேர்களுக்கு நடுவே குழி இருக்கும், பாசி அதை மூடியிருக்கும். போகுமிடத்தை வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள். அவசரத்துக்கு 112. பாதை மூடல் பலகை இருந்தால் திரும்பிவிடுங்கள். மழைக்குப் பின் மண் சரிவது இங்கே சாதாரணம்.

திரும்பப் போவது

ஒரு தடவை பார்த்த கொத்தை அப்படியே விட்டுவிடாமல், மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை அதே மரத்துக்குப் போங்கள். பாதையில் ஏதாவது பாறை, வளைவு என்று அடையாளம் எழுதிவையுங்கள். மரத்தில் கீறவோ துணி கட்டவோ வேண்டாம். எத்தனை இலை, எது நீளம், எதில் கோடு முதிர்ந்திருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். பெபூரில் நான் பார்க்கும் கொத்தில் போன ஜூலையில் 31 இலைகள் இருந்தன. அக்டோபரில் 34. புதிதாக வந்த மூன்றும் இன்னும் என் சுண்டு விரல் நீளம்கூட இல்லை, அடியில் கோடு விழவில்லை. அக்கா மகன் காரைக்காலிலிருந்து வாட்ஸாப்பில் கேட்டுக்கொண்டே இருக்கிறான், “சித்தி, கோடு வந்துடுச்சா?” புயல் காலம் முடிந்து சாலை திறந்ததும் ஏப்ரலில் போய்ப் பார்த்து அவனுக்குப் படம் அனுப்ப வேண்டும்.